முதல் கல்லுக்கு முன் ஒரு பக்கம்

புதிய திட்டம் தொடங்குவோர் கடன் விண்ணப்பத்துக்கும் முன்னதாக எழுதவேண்டிய ஆவணம் ஒன்று உண்டு. அதன் பெயர் திட்டச் சாசனம்.

பெங்களூரின் ஓசூர் சாலையில் நகரத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்பவர்கள் அடுகோடியைக் கடக்காமல் போக முடியாது. தமிழ்நாட்டை நோக்கிச் செல்லும் இச்சாலையின் இருமருங்கும் நூறாண்டுத் திட்டங்களின் வரலாறு படிந்து கிடக்கிறது. 1923-இல் கால்நடை வளர்ப்புக்கும் பால்வளத்துக்குமான இம்பீரியல் ஆய்வு நிறுவனம் இப்பகுதியில் தொடங்கப்பட்டது. பசுப் பராமரிப்பைக் கற்றறிய 1927-இல் காந்தியடிகள் அங்கு வந்து சென்றார். 1951-இல் மைக்கோ என்று மக்கள் அழைத்த மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் உருவாகி, அடுகோடியில் தன் ஆலையை எழுப்பியது. பிற்காலத்தில் பாஷ் என்று பெயர் மாறிய அந்நிறுவனத்தின் ஆலை வளாகமே, இன்று மென்பொருளும் பொறியியலும் வளரும் வளாகமாக மாறியுள்ளது. 76 ஏக்கர் பரப்பு, ஐந்தாண்டுகளில் 800 கோடி ரூபாய் முதலீடு, 10,000 பேர் பணியாற்ற இடம் என்று அறிவிக்கப்பட்ட அவ்வளாகத்தை, 2022 ஜூன் 30 அன்று பிரதமர் காணொலி வாயிலாகத் திறந்து வைத்தார். அருகிலுள்ள டெய்ரி சர்க்கிளில் தொடங்கி, லக்கசந்திரா வழியாக நாகவாரா வரை மெட்ரோ இரயிலுக்கான சுரங்கப்பாதை மண்ணுக்கடியில் செல்கிறது.

இந்தப் பெருந்திட்டங்களின் இடைவெளிகளில் சிற்றுண்டிச் சாலைகள், அச்சகங்கள், தையலகங்கள், பழுதுபார்க்கும் பட்டறைகள் என நூற்றுக்கணக்கான சிறுதொழில்கள் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய திட்டமாகவே தொடங்கியது. பெருந்திட்டங்களுக்கும் இவற்றுக்கும் இடையே பணத்தின் அளவில் வேறுபாடு உண்டு. மற்றொரு வேறுபாடும் உண்டு. பெரிய திட்டங்களில் முதல் கல் நடப்படும் முன்பே, எதற்காக, எவ்வளவில், யாருடைய பொறுப்பில், எப்போதைக்குள் என்பன எழுத்தில் வந்துவிடுகின்றன. சிறிய திட்டங்களில் இவை பெரும்பாலும் தொடங்குபவரின் மனத்திலேயே தங்கிவிடுகின்றன. மனத்தில் இருப்பதை மற்றவர் படிக்க முடியாது. சில மாதங்கள் கழிந்தபின் நாமே கூட அதைப் பிழையின்றிப் படிக்க முடிவதில்லை.

சாசனம் என்னும் பழஞ்சொல்

அடுகோடியிலிருந்து ஓசூர் சாலையிலேயே சற்றுத் தொலைவு சென்றால் மடிவாளா வரும். அங்குள்ள சோமேசுவரர் கோயிலின் புறச்சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் பழையவை 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, நிலக்கொடை பற்றியவை. இத்தகைய கொடைச் சாசனங்களைப் படித்தவர்கள் ஓர் ஒழுங்கை அறிவார்கள். கொடுப்பவர் யார், பெறுபவர் யார், எதற்காகக் கொடுக்கப்படுகிறது, நிலத்தின் நான்கெல்லை எவை, வருவாய் எதற்குச் செலவிடப்பட வேண்டும், அறத்தைக் காப்பவர் யார் என்று அவை வரிசையாகச் சொல்லும். அரசர் மாறினாலும் அதிகாரி மாறினாலும் ஐயம் எழுந்தால் கல்லிடம் சென்று கேட்கலாம்.

இக்கால மேலாண்மைத் துறை ஆங்கிலத்தில் ‘புராஜெக்ட் சார்ட்டர்’ என்று அழைக்கும் ஆவணமும் ஏறத்தாழ இப்பணியையே செய்கிறது. அமெரிக்காவில் 1969-இல் தோன்றிய திட்ட மேலாண்மை நிறுவனம் இதற்குத் தரும் விளக்கத்தின் சாரம் இதுதான்: திட்டத்தைத் தொடங்குபவர் அல்லது அதற்குப் பணம் தருபவர் வெளியிடும் ஆவணம், திட்டம் உள்ளது என்பதை முறைப்படி ஏற்பது, திட்டத்தை நடத்துபவருக்கு ஆள், பொருள், பணம் ஆகியவற்றைப் பயன்படுத்தும் அதிகாரத்தை அளிப்பது. தமிழில் இதைத் திட்டச் சாசனம் என்பது பொருந்தும்.

வங்கிக்குத் தரும் திட்ட அறிக்கையும் இதுவும் ஒன்றல்ல. திட்ட அறிக்கை, கடன் திரும்பி வருமா என்று வங்கி கேட்கும் கேள்விக்கு விடை. எந்திரங்களின் விலைப்பட்டியல், எதிர்பார்க்கும் விற்பனை, பணவரவு மதிப்பீடு, தவணை அட்டவணை ஆகியவை அதில் விரிவாக இருக்கும். பலர் அதைப் பட்டயக் கணக்காளரிடமோ ஆலோசகரிடமோ கொடுத்து எழுதி வாங்குகின்றனர். அதில் தவறில்லை. ஆனால் சாசனத்தைப் பிறரிடம் எழுதி வாங்க முடியாது. அது தொழில் தொடங்குபவர்கள் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாடு. ஒரு பக்கம் அல்லது இரண்டு பக்கம் போதும். சாசனம் தெளிவாக இருந்தால் திட்ட அறிக்கை உண்மைக்கு அருகில் வரும். சாசனமே இல்லாதபோது திட்ட அறிக்கை, கடன் கிடைப்பதற்காக எண்களை அடுக்கிய தாளாக முடிந்துவிடுகிறது.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

திட்டம் தாமதமானால் என்ன இழப்பு என்று பலரும் முன்கூட்டிக் கணக்கிடுவதில்லை. எடுத்துக்காட்டாக, 12 லட்ச ரூபாய்க் கடனை 10 விழுக்காட்டு வட்டியில் பெற்ற ஒரு சிறுதொழிலை எடுத்துக்கொள்வோம். அசல் திருப்பிச் செலுத்துவதற்குத் தொடக்கத்தில் சில மாதம் விலக்குக் கிடைத்தாலும், வட்டி மாதத்துக்கு 10,000 ரூபாய் ஏறிக்கொண்டே இருக்கும். கட்டட வாடகை 25,000. முன்கூட்டியே அமர்த்திவிட்ட ஒரு பணியாளருக்கு 18,000. ஆக, ஒரு ரூபாய்கூட விற்பனை இல்லாத ஒவ்வொரு மாதமும் 53,000 ரூபாய் கரைகிறது. மும்முனை மின்னிணைப்பு மூன்று மாதம் தாமதமானால் இழப்பு 1,59,000 ரூபாய்.

பெரிய திட்டக் கடன்களிலும் இதே கவலைதான். வணிக உற்பத்தி தொடங்கும் நாள் எது என்பதைக் கடன் ஒப்பந்தத்தின் அச்சாணியாகவே வங்கிகள் கருதுகின்றன. இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஜூன் மாதம் வெளியிட்டு, அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திட்டக் கடன் நெறிமுறைகளின்படி, அந்நாளை உள்கட்டமைப்புத் திட்டங்களில் மூன்றாண்டு வரையும் ஏனைய திட்டங்களில் இரண்டாண்டு வரையும் நிபந்தனைகளுடன் தள்ளிவைக்கலாம். அதற்குமேல் போனால் கடனின் தரமே கேள்விக்குள்ளாகும். சிறுதொழிலுக்கு இவ்விதிகள் நேராகப் பொருந்தாவிட்டாலும் பாடம் ஒன்றே: தொடங்கும் நாளைக் காக்கத் தெரியாத திட்டம் தன் முதலைத் தானே தின்கிறது.

முதல் வரி: ஏன்?

சாசனத்தின் முதல் வரி நோக்கம். ‘புதிய கடை திறத்தல்’ என்பது நோக்கமன்று, செயல். அதனால் எந்தக் குறை நீங்கும், யாருக்கு என்ன பயன் என்பதே நோக்கம். ‘வீட்டில் அரைக்கும் மாவு காலை எட்டு மணிக்குள் தீர்ந்துவிடுகிறது, கேட்டு வரும் கடைகளைத் திருப்பி அனுப்புகிறோம், அந்தத் தேவையை நிறைவு செய்யவே இம்முயற்சி’ என்று எழுதினால் அது நோக்கம். பின்னாளில் யாரேனும் ‘கூடவே இனிப்பும் செய்யலாமே’ என்றால், இந்த வரியோடு ஒப்பிட்டு விடை சொல்ல முடியும்.

நோக்கம் தெளிவாக இருந்தால் மற்றவை மாறினாலும் திட்டம் சிதையாது. மேலே குறிப்பிட்ட பால்வள ஆய்வு நிறுவனத்தின் தலைமையிடம் 1955-இல் அரியானாவின் கர்னாலுக்கு மாறியது. பெயரும் மாறியது. ஆயினும் பால்வளம் பற்றிய ஆய்வும் பயிற்சியும் என்னும் மைய நோக்கம் தொடர்ந்தது. பெங்களூர் வளாகம் தென்மண்டல நிலையமாக இன்றும் அப்பணியைச் செய்கிறது.

இரண்டாம் வரி: எதுவரை?

நான்கெல்லை சொல்லாத நிலக்கொடை எப்படி வழக்கில் முடியுமோ, அப்படியே எல்லை சொல்லாத திட்டம் செலவில் முடியும். திட்டத்துக்குள் அடங்குபவை எவை என்று எழுதுவதைவிட, அடங்காதவை எவை என்று எழுதுவது பயனுடையது. ‘இந்த ஆண்டு சட்னி, சாம்பார்ப் பொடி இல்லை, வீடுதேடிக் கொடுப்பது இல்லை, இரண்டாவது வண்டி இல்லை’ என்று எழுதுவதற்குச் சிறிது மனவுறுதி தேவை. பின்னர் வரும் ஆசைகளுக்கு எதிரான வேலி அதுவே.

எல்லை ஒருபோதும் மாறக்கூடாதா? பெங்களூர் மெட்ரோவின் முதல் கட்டம் இதற்கு விடை தருகிறது. 2006-இல் ஒன்றிய அரசின் ஒப்புதல் கிடைத்தபோது அதன் நீளம் சுமார் 33 கிலோமீட்டர்; மதிப்பீடு 6,395 கோடி ரூபாய். பின்னர் வடக்கிலும் தெற்கிலும் பாதை நீட்டிக்கப்பட்டு 42.3 கிலோமீட்டர் ஆயிற்று. 2011 அக்டோபரில் முதல் பகுதியும் 2017 ஜூனில் முழுப்பாதையும் திறக்கப்பட்டன. முடிவில் செலவு 13,800 கோடி ரூபாயை ஒட்டி வந்தது. நீளம் கூடியது மட்டும் இதற்குக் காரணமன்று. காலமும் நிலமும் நகரின் அடிப்பாறையும் தத்தம் பங்கைக் கேட்டன. ஆனால் நீட்டிப்பு முடிவு எழுத்தில், புதிய மதிப்பீட்டுடன், உரியவர்களின் ஒப்புதலோடு நிகழ்ந்தது. அதனால்தான் எவ்வளவு கூடியது என்பதை இன்று நம்மால் சொல்ல முடிகிறது. மாற்றம் குற்றமன்று, எழுதப்படாத மாற்றமே குற்றம். ஆகவே சாசனத்தில் ஒரு வரி இருக்கட்டும்: ‘எல்லையை மாற்ற வேண்டுமானால் அதனால் கூடும் செலவையும் நாளையும் எழுதி, பங்காளிகள் அனைவரும் கையெழுத்திட்ட பின்னரே மாற்றுவோம்.’

மூன்றாம் வரி: யார் பொறுப்பு?

1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் பாலத்தின் 126 கர்டர்களை அலைகள் அடித்துச் சென்றன. இராமேசுவரம் தீவு இரயில் தொடர்பை இழந்தது. பாலத்தைச் சீரமைக்க இரயில்வே நிர்வாகம் குறித்த காலம் ஆறு மாதம். அப்பகுதிக்குப் பொறுப்பான உயர் அதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். களப்பணி, முப்பத்திரண்டு வயதுப் பொறியாளர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரே பிற்காலத்தில் கொங்கண் இரயில் பாதையையும் தில்லி மெட்ரோவையும் உருவாக்கிய ஈ. ஸ்ரீதரன். பாலம் 46 நாள்களில் சீரானது.

இந்நிகழ்ச்சியைப் பெரும்பாலும் ஒரு தனிமனிதரின் திறமைக் கதையாகவே சொல்கிறோம். திறமை உண்மைதான். ஆனால் அதைச் சுற்றி இருந்த சூழலையும் கவனிக்க வேண்டும். நோக்கம் ஒன்றே: பாலத்தில் மீண்டும் இரயில் ஓட வேண்டும். அளவுகோல் ஒன்றே: நாள்கள். பொறுப்பு ஒருவரிடம் இருந்தது. களத்தில் முடிவெடுக்கும் உரிமையும் அவரிடமே இருந்தது. நல்ல சாசனம் ஒன்றில் இருக்கவேண்டிய நான்கும் அங்கு அமைந்திருந்தன.

குடும்பத் தொழில்களில் இடறுமிடம் இதுவே. பணம் அப்பாவுடையது, உழைப்பு மகனுடையது, கடனுக்கு உத்தரவாதம் மாமாவுடையது. எந்திரம் எதை வாங்குவது என்பதில் மூவருக்கும் மூன்று கருத்து. பொறுப்பு ஒருவரிடமும் அதிகாரம் வேறொருவரிடமும் இருந்தால், தவறு நேரும்போது குற்றம் மட்டும் எல்லோரிடமும் போய்ச் சேரும். உரியவரை ஆராய்ந்து தேர்ந்து, தேர்ந்தபின் பணியை அவரிடமே விட்டுவிட வேண்டும் என்று திருக்குறளின் தெரிந்துவினையாடல் அதிகாரம் கூறும் நெறி இங்குக் கைகொடுக்கிறது. சாசனத்தில் அதை எண்ணாகவே எழுதலாம்: ‘20,000 ரூபாய் வரையிலான செலவை நடத்துபவர் தாமே முடிவு செய்வார், அதற்கு மேற்பட்டதை மற்றவரைக் கலந்து முடிவு செய்வார்.’ இந்த ஒரு வரி பல வாக்குவாதங்களைத் தவிர்க்கும்.

நான்காம் வரி: எதை நம்பித் தொடங்குகிறோம்?

ஒவ்வொரு திட்டமும் சில நம்பிக்கைகளின்மீது நிற்கிறது. உளுந்தின் விலை இப்படியே இருக்கும், மின்னிணைப்பு ஒரு மாதத்தில் வரும், கடைக்காரர் சொன்னபடி வாங்குவார் என்பன போன்றவை அவை. இவற்றை நாம் உண்மைகளாகவே எண்ணிக்கொள்கிறோம். எழுதிப் பார்க்கும்போதுதான் அவை ஊகங்கள் என்பது புலப்படும்.

ஊகத்தின்மீது அடித்தளம் இட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று சிட்னி ஓப்பரா அரங்கம். கூரையின் வடிவத்தை எப்படிக் கட்டுவது என்று தீர்வு காணப்படும் முன்பே, 1959 மார்ச்சில் அடித்தளப் பணி தொடங்கப்பட்டது. அரசு விரைவை விரும்பியது. பிற்பாடு கூரை வடிவம் முடிவானபோது, ஏற்கெனவே கட்டிய தூண்கள் அதைத் தாங்கப் போதாமல் மாற்றிக் கட்ட நேர்ந்தது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்ட கட்டடம் 10 கோடியே 20 லட்சம் டாலரில் முடிந்தது. 1963-இல் திறப்பதாகச் சொன்னது 1973-இல் திறக்கப்பட்டது. இன்று அது உலகப் பாரம்பரியச் சின்னம். ஓர் அரசாங்கம் அந்தச் செலவைத் தாங்கிக்கொண்டது. ஒரு குடும்பம் தாங்குமா?

எனவே ஒவ்வோர் ஊகத்துக்கும் எதிரில் இரண்டு செய்திகளை எழுதுங்கள். இது பொய்யானால் என்ன நேரும்? பணம் செலவாகும் முன்பே இதைச் சோதித்துப் பார்க்க வழி உண்டா? இரண்டாம் கேள்விதான் பணத்தைக் காப்பது.

ஒரு மாதிரிச் சாசனம்

மேலே சொன்னவற்றை ஒருங்கே காண, அடுகோடியில் ஓர் அண்ணனும் தங்கையும் வீட்டில் இட்லி, தோசை மாவு அரைத்து நாளொன்றுக்கு 60 கிலோ விற்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். தனியிடம் எடுத்துத் தொழிலை வளர்க்க விரும்புகின்றனர். ‘ஒரு நாளைக்கு 200 கிலோ விற்றால் போதும், அண்ணா, கடனை அடைத்துவிடலாம்’ என்பது தங்கையின் மதிப்பீடு. இருவரும் ஒரு மாலை அமர்ந்து எழுதத் தொடங்குகின்றனர்.

முதலில் கணக்கு. மூலப்பொருளும் பொட்டலமும் போக ஒரு கிலோவுக்கு 15 ரூபாய் நிற்கும். மாதச் செலவு: வாடகை 25,000, இரு பணியாளர் ஊதியம் 36,000, மின்சாரம், வண்டி முதலியவற்றுக்கு 34,000, ஆக 95,000 ரூபாய். 200 கிலோ வீதம் மாதம் 6,000 கிலோ விற்றால் வருவது 90,000. கடன் தவணைக்கு முன்னரே 5,000 ரூபாய் பற்றாக்குறை. 12 லட்சத்தை ஐந்தாண்டில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 25,500 ரூபாய். அதையும் சேர்த்தால் நாளொன்றுக்குச் சுமார் 268 கிலோ விற்றால்தான் வரவும் செலவும் சமமாகும். ஆறு மாதம் மனத்தில் இருந்த 200 என்னும் எண், தாளில் ஒரு மணி நேரத்தில் உடைந்துவிட்டது. கடன் வாங்கிய பின்னர் உடைந்திருந்தால் மாதந்தோறும் 30,500 ரூபாய் இழப்பு. ஓராண்டில் 3,66,000 ரூபாய்.

இனி அவர்கள் எழுதிய சாசனம்:

நோக்கம்: நாள்தோறும் மாவு கேட்டுத் திரும்பிச் செல்லும் கடைகளின் தேவையை நிறைவு செய்தல், வீட்டுத் தொழிலைக் கணக்குள்ள நிறுவனமாக்குதல்.

அளவுகோல்: தொடங்கிய ஆறாம் மாத இறுதியில் நாளொன்றுக்கு 300 கிலோ விற்பனை, திரும்பி வரும் மாவு நூற்றுக்கு மூன்றுக்கு மிகாமை.

உள்ளவை: இட்லி, தோசை மாவு, கடைகளுக்கு மட்டும் விற்பனை, அடுகோடி, லக்கசந்திரா, கோரமங்களா.

இல்லாதவை: வேறு உணவுப் பொருள்கள்; வீடுதேடி வழங்கல்; இரண்டாம் வண்டி; கடைகளுக்கு ஒரு வாரத்துக்கு மேற்பட்ட கடன்.

பணம்: மொத்தம் 18 லட்சம். கடன் 12, சொந்தப் பணம் 6. எந்திரங்களும் குளிரறையும் 9. கட்டட முன்பணம் 2.5; மின்பணியும் உள்ளமைப்பும் 2.5, நடைமுறை மூலதனம் 2.5, எதிர்பாராச் செலவு 1.5.

பொறுப்பு: திட்டத்தை நடத்துபவர் தங்கை. 20,000 ரூபாய் வரை தனி முடிவு. கணக்கும் வங்கித் தொடர்பும் அண்ணன்.

ஊகங்களும் சோதனையும்: (1) 25 கடைகள் வாங்கும். சோதனை: கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் 15 கடைகளில் இரண்டு வாரம் மாதிரி விற்பனை. (2) மும்முனை மின்னிணைப்பு உரிய நேரத்தில் வரும். சோதனை: ஏற்கெனவே இணைப்புள்ள கட்டடத்தையே தேர்தல், இல்லையேல் இணைப்புக் கிடைத்த நாள்முதல் வாடகை என்று உரிமையாளரிடம் எழுதி வாங்குதல். (3) உணவுப் பாதுகாப்பு அனுமதியும் மாநகராட்சி வணிக உரிமமும் கிடைக்கும். சோதனை: எந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன் விண்ணப்பித்தல்.

நாள்கள்: மாதிரி விற்பனை, முதல் மாதம். கட்டடமும் விண்ணப்பங்களும், இரண்டாம் மாதம். கடனும் எந்திரமும், மூன்றாம் மாதம். உற்பத்தித் தொடக்கம், நான்காம் மாத இறுதி.

நின்று எண்ணும் கோடு: மாதிரி விற்பனையில் பத்துக் கடைகளுக்குக் குறைவாக வாங்கினால் கடன் பெறுவதில்லை. தொடங்கிய மூன்றாம் மாதத்தில் நாளொன்றுக்கு 180 கிலோவைத் தொடாவிட்டால் புதிய செலவு எதுவும் செய்யாமல் இருவரும் அமர்ந்து மறுமுடிவு எடுத்தல்.

கையெழுத்து: அண்ணன், தங்கை, கடனுக்கு உத்தரவாதம் தருபவர்.

இவ்வளவுதான். மின்னிணைப்பு பற்றிய வரியை மீண்டும் பாருங்கள். மூன்று மாதத் தாமதத்தின் இழப்பு 1,59,000 என்று முன்னரே கணக்கிட்டோம். எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கியதோ 1,50,000. அந்த ஒரே ஊகம் பொய்த்தால் ஒதுக்கீடு முழுவதும் போய்விடும். வாடகை ஒப்பந்தத்தில் சேர்க்கும் ஒரு நிபந்தனை அதைத் தடுக்கிறது. அந்த நிபந்தனைக்குச் செலவு ஏதுமில்லை. முன்கூட்டிக் கேட்க வேண்டும், அவ்வளவே.

தொடங்குவதற்கு முன்பே நிறுத்தும் வரியா?

‘நின்று எண்ணும் கோடு’ பலருக்கு உறுத்தலாக இருக்கும். மங்கலமான தொடக்கத்தில் நிறுத்துவது பற்றி ஏன் எழுத வேண்டும் என்று பெரியவர்கள் கேட்பார்கள். அவர்கள் மனநிலை புரிந்துகொள்ளத் தக்கதே. ஆனால் பணம் இறங்கிய பிறகு நம் தீர்ப்பு நடுநிலையாக இராது. இவ்வளவு போட்டுவிட்டோமே என்னும் எண்ணம் இன்னும் போடத் தூண்டும். நகை அடகுக்குப் போகும். பிறகு வீட்டுப் பத்திரம் போகும். அமைதியான மனத்தோடு இருக்கும் நாளிலேயே, கலங்கிய நாளுக்கான முடிவை எழுதி வைப்பது பேரறிவு. கோட்டைத் தொட்டவுடன் கடையை மூடவேண்டும் என்பதன்று இதன் பொருள். கோட்டைத் தொட்டதை அறியாமலே கடந்து போகக்கூடாது என்பதே.

எழுதும் முறை

சாசனத்தை ஒருவரே எழுதி மற்றவரிடம் கையெழுத்து வாங்குவது வீண். பங்காளிகள் தனித்தனியே ஒரு தாளில் நோக்கம், எல்லை, அளவுகோல் மூன்றையும் எழுதட்டும். பிறகு ஒன்றாக வைத்துப் படியுங்கள். ஒரே திட்டம் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள் இரு வேறு திட்டங்களை எழுதியிருப்பதைக் காண்பது அரிதன்று. ஒருவர் கடை என்று எழுதியிருப்பார். மற்றவர் நாளை பல கிளைகளாக வளரும் நிறுவனம் என்று எழுதியிருப்பார். அந்த வேறுபாடு மேசைமேல் தோன்றினால் ஒரு மாலை உரையாடலில் தீரும். தொழில் தொடங்கியபின் தோன்றினால் உறவே முறியக்கூடும்.

எண்ணாக எழுதக் கூடியதைச் சொல்லாக எழுதாதீர்கள். ‘நல்ல விற்பனை’, ‘விரைவில்’, ‘தேவைப்பட்டால்’ ஆகிய சொற்கள் சாசனத்தில் இடம்பெறலாகாது. இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் சுருக்குங்கள். நீண்ட ஆவணத்தை யாரும் மறுமுறை படிப்பதில்லை. தாய்மொழியிலேயே எழுதுங்கள். உத்தரவாதம் தரும் அத்தைக்கும் எந்திரத்தருகே நிற்கும் பணியாளருக்கும் புரியும் மொழியே சாசனத்தின் மொழி.

எழுதியபின் கோப்பில் பூட்டிவிடாதீர்கள். மாதம் ஒருமுறை எடுத்து ஒவ்வொரு வரியையும் இன்றைய நிலையோடு ஒப்பிடுங்கள். மாறியதைத் தேதியிட்டு அடியில் எழுதுங்கள். பழைய வரியை அழிக்க வேண்டா. பழையது தெரிந்தால்தான் எங்கிருந்து விலகினோம் என்பது தெரியும்.

கடனுக்காகக் கிளைக்கு வரும்போது இச்சாசனத்தையும் உடன் கொண்டு வரலாம். கட்டாயமில்லை, எந்தப் படிவமும் அதைக் கேட்பதுமில்லை. ஆயினும், ‘எந்த நிலையில் நிறுத்தி யோசிப்பேன்’ என்று எழுதி வைத்திருக்கும் வாடிக்கையாளரோடு நடக்கும் உரையாடல் வேறு வகையானது. எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதிலிருந்து எவ்வளவு கடன் போதும் என்பதற்கு அது நகரும். அந்த மாலையில் தங்கை 200 என்று சொல்லிக்கொண்டிருந்த எண்ணை அண்ணன் 268 என்று திருத்தி எழுதியது போல, உங்கள் திட்டத்திலும் திருத்தப்படக் காத்திருக்கும் எண் ஒன்று இருக்கக்கூடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு தாளும் ஒரு மாலையும் போதும்.